கரண்ட் போனால் கேட்கும் சத்தம்

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டச் சேர்ந்தபோது எனக்கு 19 வயது. ஒரே கூரைக்குக் கீழே 24 தறிகள். முதல் நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் காது அடைத்துப்போய், உள்ளே ஒரு சில்வண்டு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்துத் தறி அண்ணனிடம் சொன்னேன். "எல்லாத்துக்கும் அப்படித்தான் தம்பி, ஒரு வாரத்துல பழகிடும்" என்றார். காலையில் எழுந்தபோது சத்தம் போயிருந்தது. சொன்ன மாதிரியே பழகியும் விட்டது.

அந்தப் 'பழகிடும்' என்ற சொல்தான் என் காதைத் தின்றது.

தறிக்குடோனில் யாரும் பேசிக்கொள்வதில்லை. ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிபட்டு ஓடும்போது, காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ, கையை மேலே வீசினால் மெக்கானிக்கைக் கூப்பிடு. மீதியை உதட்டசைவில் பிடித்துக்கொள்வோம். கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும். அது தெரியாமல் யாராவது ஒருவர் இன்னும் கத்திக்கொண்டே இருப்பார். 15 வருடம் கழித்து ஓர் இரவு அப்படித்தான் கரண்ட் போனது. எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். எனக்கு மட்டும் 'ஙொய்ங்' என்று ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலும் அது நிற்கவில்லை.

காது டாக்டர் முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் வரிசையாகக் கேள்விகள். ஒரு காதிலா, இரண்டிலுமா? தலை சுற்றுகிறதா? நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கிறதா? டி.பி.க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டதுண்டா? ஆஸ்பிரின் நிறைய எடுப்பீர்களா? காது இரைச்சலுக்கு இத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, துடிப்போடு கேட்டாலோ தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும் என்றார். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடிவர வேண்டுமாம். நாள் கடக்கக் கடக்க மருந்து வேலை செய்யும் வாய்ப்பு குறையுமாம்.

எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் என் ஆடியோகிராம் படத்தில் கோடு ஒழுங்காக வந்து, 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சுச் சத்தத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்தில் வேலை செய்கிறவர்களின் அடையாளம் அது. உள்காதில் நத்தை ஓடு போன்ற எலும்புக்குள் நுண்ணிய மயிர் கொண்ட சுமார் 15,000 செல்கள் இருக்கின்றன. அதிக சத்தத்தில் அவை சாய்ந்து, முதலில் மீண்டும் நிமிரும். திரும்பத் திரும்ப அடிபட்டால் செத்துவிடும். மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. இந்தப் பள்ளத்தால் உயிரெழுத்து நன்றாகக் காதில் விழும், மெய்யெழுத்துதான் தப்பும். மகள் "சட்டை" என்றாளா, "பட்டை" என்றாளா, "தட்டை" என்றாளா? சத்தமாகத்தான் பேசுகிறாள், எழுத்து மட்டும் பிடிபடாது. இரண்டாவது தடவை கேட்டால் சொல்வாள். மூன்றாவது தடவை கேட்க எனக்கே மனம் வராது.

85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் கணக்கு. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். நம் தொழிற்சாலை விதியில் வரம்பு 90 டெசிபலாக இருந்தது. சத்தத்தால் வரும் காது கேளாமை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் எங்களைப் போன்ற சின்னக் குடோன்கள் பல அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வந்ததில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் வழக்கமாகச் செய்வது, கழிவுப் பஞ்சைக் காதில் திணிப்பது. அது சத்தத்தை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. ஃபோம் அடைப்பான்தான் தேவை, அதையும் சரியாக வைக்க வேண்டும். கை கழுவி, மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் போட்டும் பயனில்லை.

போன மாதம் சேர்ந்த பையனுக்கு இப்படித்தான் வைத்துக் காட்டினேன். "இதப் போட்டா தறில கோளாறு வந்தா தெரியாதுங்களே அண்ணா" என்றான். நியாயமான கேள்வி. நான் இப்போது மெக்கானிக். அவன் கையைப் பிடித்துத் தறிச் சட்டத்தின்மேல் வைத்தேன். ஒரு நட்டு லூஸாக இருந்தது, அடிக்கு அடி அந்த அதிர்வு மாறியது. தலையாட்டினான். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் அடைப்பானை எடுத்துவிட்டு, காதுக்குள் சில்வண்டு கத்துகிறதா என்று நின்று கவனித்தான். "ஒண்ணும் கேக்கலீங்கண்ணா" என்றான்.