தகர டின்னுல வார்த்த பிஸ்டன்

பழைய கஸ்டம் பைக் போட்டோ எல்லாம் பாத்துட்டு இருந்தேன், மறுபடி பர்ட் மன்ரோ கிட்டயே வந்து நின்னுட்டேன். நியூசிலாந்துக்காரர், 1920ல வாங்குன இந்தியன் ஸ்கவுட், மணிக்கு 55 மைல் போற 600 சிசி வண்டி, அதையே நாற்பது வருஷத்துக்கு மேல நோண்டிட்டே இருந்தாரு மனுஷன், பிஸ்டன தகர டின்னுல தானே வார்ப்பாரு, ஒடஞ்சு போன பார்ட்ஸ தூக்கிப் போடாம வேகக் கடவுளுக்குக் காணிக்கைன்னு எழுதி ஷெல்ஃப்ல அடுக்கி வச்சிருந்தாரு 😄 1967ல, 68 வயசுல, அமெரிக்காவுல இருக்குற பொன்வில் உப்புத் தரையில அதே வண்டி 184 மைல் வேகம்!

அதே நாட்டுக்காரர் ஜான் பிரிட்டன் இன்னொரு டைப். அவர் செஞ்ச வி1000 ரேஸ் பைக்குக்கு தனி ஃப்ரேமே கெடையாது, இன்ஜின்தான் முதுகெலும்பு, ரேடியேட்டர் சீட்டுக்கு அடியில, பாடி கார்பன் ஃபைபர். வி1000 மொத்தமே 10 தான் செஞ்சாங்க. 1995ல 45 வயசுலயே போயிட்டாரு.

ஈஸி ரைடர்ங்கற அமெரிக்கப் படத்துல வர்ற சாப்பர் (முன் ஃபோர்க் நீளமா இருக்குற கஸ்டம் பைக்) எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்குப் பின்னாடி இருந்த கறுப்பின பில்டர்ஸ் பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் பேரு ரொம்ப வருஷம் வெளியவே வரல. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துது.