மாறுகண் பையனும் பதின்மூன்று ஆட்டக்காரர்களும்

ஆள் எடுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், ஆண்டி பீட்டி என்னும் ஸ்காட்லாந்துக் கால்பந்துக்காரரின் வாழ்க்கையை என்னால் வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படிக்க முடிவதில்லை. 1913இல் அபர்தீன்ஷயரின் கின்டோரில் பிறந்த அவர், இங்கிலாந்தின் பிரஸ்டன் நார்த் எண்ட் அணியின் தற்காப்பு ஆட்டக்காரராக 1938இல் அந்நாட்டுக் கிளப்புகளுக்கான எஃப்ஏ கோப்பையை வென்றார். நாட்டுக்காக 7 முறை ஆடினார்.

மேலாளராக அவர் பெயர் எடுத்தது ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் என்னும் இங்கிலாந்து கிளப்பில். லீக்கின் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அணியை ஒரே பருவத்தில், 1953இல், மேலே கொண்டுவந்தார். அப்பருவத்தின் 42 ஆட்டங்களிலும் கோல்கீப்பர் உட்படத் தற்காப்பு வரிசை முழுவதும் மாறவேயில்லை. தானும் அந்த இடத்தில் ஆடியவர் என்பதால், பழகிய கால்களின் அருமை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவரைத்தான் 1954இல் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் தேசிய அணியின் முதல் மேலாளராக்கி, 22 பேரை அழைத்துச் செல்ல அனுமதி இருந்தும், 13 பேரை மட்டும் கொடுத்து ஸ்விட்சர்லாந்து உலகக் கோப்பைக்கு அனுப்பியது. அதிலும் இருவர் கோல்கீப்பர்கள். அணியைத் தேர்ந்தெடுத்ததோ சங்கத்தின் குழு. ஆஸ்திரியாவிடம் 0-1 எனத் தோற்றதும் பீட்டி தேசிய அணிப் பதவியிலிருந்து விலகினார். மூன்று நாள் கழித்து உருகுவே 7 கோல் அடித்தது. நடுவழியில் விட்டுப் போனது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் நம் தலையில் கட்டும் இடத்தில் வேலை பார்த்தவர்கள் அப்படிக் கேட்கத் தயங்குவார்கள்.

எனக்கு இதைவிட நெருக்கமானது 1955இல் நடந்தது. பீட்டியின் சகோதரர் ஆர்ச்சி அபர்தீனிலிருந்து பரிந்துரைத்த 15 வயதுப் பையன் ஹடர்ஸ்ஃபீல்டில் வந்து நின்றான்: ஒல்லி, கண்ணாடி, அதற்குப் பின்னால் மாறுகண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பழகியவன். இவ்வளவு நோஞ்சானாக ஒரு கால்பந்து ஆட்டக்காரனைக் கண்டதில்லை என்றே பீட்டி நினைத்தார், ஆனாலும் சேர்த்துக்கொண்டார். திக்கிப் பேசினான் என்பதற்காக ஓர் இளைஞனை நேர்முகத் தேர்விலேயே திருப்பி அனுப்பியவன் நான் என்பதால் அந்த 'ஆனாலும்' எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பையன்தான் பின்னாளில் புகழ்பெற்ற ஸ்காட்லாந்து ஆட்டக்காரரான டெனிஸ் லா. ஹடர்ஸ்ஃபீல்டில் இருக்கும்போதே கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. 1956 டிசம்பர் 24 அன்று அவனை முதன்முதலில் களமிறக்கியவர் பீட்டிக்குப் பின் மேலாளராக வந்த பில் ஷாங்க்லி. பீட்டி அதற்கு முந்தைய மாதமே வேலையை விட்டிருந்தார். 1960இல் மான்செஸ்டர் சிட்டி கிளப் அவனை வாங்க ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 55,000 பவுண்டு கொடுத்தது, ஓர் ஆட்டக்காரருக்கான விலையில் அன்றைய பிரிட்டிஷ் சாதனை. பீட்டி அதன் பிறகும் கிளப் மாறி மேலாளராக இருந்து, பிற்காலத்தில் ஆர்ச்சியைப் போலவே பையன்களைத் தேடிப் பார்க்கும் ஸ்கவுட் வேலைக்கு வந்து சேர்ந்தார்.