அடைப்புக்குறிக்குள் நிரூரி

கீழாநெல்லிச் சரக்கு இன்ன செடிதான் என்று நான் எழுதிக் கொடுத்த சான்றில் பிழை எதுவும் இல்லை, ஓர் அடைப்புக்குறியைத் தவிர.

கேட்டு வந்தவர் கீழமாசி வீதிப் பக்கத்து மருந்துச் சரக்கு வியாபாரி. அழகர் மலை அடிவாரத்தில் பிடுங்கிய செடி. தூளை லென்ஸில் பார்த்து இனம் சொல்ல முடியாது என்று முன்பே சொல்லியிருந்ததால் பூவும் காயுமாக வேரோடு கொண்டுவந்திருந்தார். காய்ந்த பூவைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டால் இளகி விரியும். பத்து மடங்கு லென்ஸில் எண்ணினேன்: பூவிதழ் ஐந்து. ஒரே இலைக்கக்கத்தில் ஆண்பூ ஒன்று, பெண்பூ ஒன்று. லத்தீன் பெயரில் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதே பேரினத்தில் பார்வைக்கு ஒத்த செடிகள் உண்டு. இதழ் ஆறாக இருந்து, பெண்பூ நுனிப்பக்கக் கக்கங்களில் தனித்தனியே நின்றால் அது ஃபிரேட்டர்னஸ். காய் சொரசொரப்பாக, தண்டு சிவந்து இருந்தால் யூரினேரியா. இதழ் ஒன்று மடிந்து ஒட்டிக்கொண்டால் ஆறும் ஐந்தாகத் தெரியும். ஒரு பூவோடு நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சார், எங்க பேப்பர்ல எல்லாம் நிரூரின்னு இருக்கு. பழைய பேரையே போட்டுக் குடுங்க."

"அது பழைய பேர் இல்லைண்ணே. வேற செடியோட பேர்."

"அந்தச் செடி நம்மூர்ல முளைக்குதா?"

"இல்ல, அது அமெரிக்கப் பக்கத்துச் செடி."

"அப்புறம் யாருக்குக் குழப்பம் வரப்போகுது?"

அதற்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

பதில் பிறகு வந்தது. நம் பக்கத்துப் பழைய உலர்தாவரத் தாள்களில் (செடியை அழுத்தி ஒட்டிப் பெயர்ச்சீட்டு வைத்த தாள்கள்) ‘நிரூரி’ என்று எழுதியிருப்பதில் அமாரஸும் உண்டு, ஃபிரேட்டர்னஸும் உண்டு. 1950களில் தாவரவியலாளர் வெப்ஸ்டர் பிரித்துக் காட்டும்வரை எல்லாம் ஒரே குடைக்குள்தான். ஆகவே குழப்பம் நம்மூரில்தான் அதிகம். அதைவிட மோசம், அடைப்புக்குறிக்குள் போட்டால் அது இணைப்பெயர், அதாவது அதே செடியின் இன்னொரு பெயர், என்று அர்த்தமாகிவிடும். நிரூரி தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர்; அமாரஸ் 1827இல் ஷூமாக்கரும் தோன்னிங்கும் வைத்தது. இரண்டும் ஒன்று என்றால் மூத்த பெயர்தான் நிற்க வேண்டும். என் சான்று தன்னைத் தானே மறுக்கிறது.

‘பலர் நிரூரி என்றது, லின்னேயஸின் நிரூரி அன்று’ என்று முறையாகவே குறிக்க வழி இருக்கிறது. அப்படி எழுதியிருந்தால் படிக்கிற அதிகாரி சரக்கைத் திருப்பியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். திருப்பியிருப்பாரா, தெரியாது. மூட்டையில் இருந்தது நல்ல சரக்கு. பிடுங்கிய அம்மா சிவந்த தண்டுச் செடியை எல்லாம் கையாலேயே ஒதுக்கியிருந்தார். லத்தீன் எதுவும் இல்லாமல்.

அதே செடியில் ஒன்றை அழுத்தி, தினமும் தாள் மாற்றி உலர்த்தி ஒட்டியிருக்கிறேன். முதல் சீட்டில் அந்த அடைப்புக்குறி இருக்கிறது. பழைய சீட்டைக் கிழிக்கவோ அடிக்கவோ கூடாது, அது விதி. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டி, அமாரஸ் என்று மட்டும் எழுதித் தேதி போட்டேன். வியாபாரியிடம் இருக்கிற சான்றுக்குப் புதுச் சீட்டு எதுவும் போகவில்லை.