கடைசி இலக்கம்

1977ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நாங்கள் உயர்தர வகுப்பில் சேர்ந்த முதற் கிழமையில், எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் பாடநூல் எதுவும் இல்லாமல், பனையோலைப் பை ஒன்றில் நான்கு போத்தல்களைச் சுமந்துகொண்டு ஆய்வுகூடத்துக்குள் வந்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் வன்னித் தேன். நான்கும் ஒரே அளவான 750 கன சென்ரிமீற்றர்ப் போத்தல்கள்; நான்கும் கழுத்தில் ஒரே மட்டம் வரை நிரப்பப்பட்டிருந்தன. அவற்றை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "எல்லாம் ஒரு போத்தல்தானே, தம்பிமார்? அப்ப இதில எது கூட?" என்று கேட்டார்.

தேன்தான் கூட என்று ஒருவன் சொன்னான். எல்லாம் சமன் என்று இன்னொருவன் சொன்னான். இரண்டு விடைகளும் சரி என்றும், கேள்விதான் அரைகுறையானது என்றும் சேர் சொன்னபோது நாங்கள் விழித்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒவ்வொன்றாகத் தட்டுத் தராசில் ஏற்றி, வெறும் போத்தலின் திணிவைக் கழித்துக் கரும்பலகையில் எழுதினார். தண்ணீர் ஏறத்தாழ 750 கிராம், தேங்காய் எண்ணெய் 690, மண்ணெண்ணெய் 600, தேன் ஒரு கிலோவையும் தாண்டி 1050. எங்கள் வீடுகளில் எண்ணெயும் தேனும் போத்தல் கணக்கிலும், பாண் இறாத்தல் (பவுண்டு) கணக்கிலும், அரிசி கொத்துக் கணக்கிலும் புழங்கிய காலம் அது. அம்மாமார் நாள்தோறும் கையாண்ட அந்த அளவுகளில் எது கனவளவு, எது திணிவு என்று நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை. இடத்தை அடைப்பதும் திணிவு உடையதும் சடப்பொருள் என்ற வரைவிலக்கணத்தை நாங்கள் முன்பே மனப்பாடம் செய்திருந்தோம். அந்த ஒரே வசனத்துக்குள் இரண்டு வெவ்வேறு அளவுகள் இருக்கின்றன என்பதும், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதற்கு அடர்த்தி என்ற பாலம் வேண்டும் என்பதும் அன்றுதான் புரிந்தன.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. தம்மைப் பற்றி எவரும் எழுதுவதை அவர் விரும்பியதில்லை. அந்த ஆண்டுகளில் எமது கல்லூரியில் இரசாயனவியல் கற்றவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

ஆய்வுகூடத்தின் கோடியில், காற்றுப் படாத சிறிய அறையொன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் இரசாயனத் தராசு இருந்தது. இரண்டு தட்டுகள், நடுவில் கூரிய விளிம்பில் தாங்கிய கோல், அதிலிருந்து இறங்கும் நீண்ட முள். பக்கத்தில் மரப்பெட்டி, அதற்குள் வெல்வெட்டுக் குழிகளில் வரிசையாகப் பித்தளைப் படிகள் (எடைக்கற்கள்), அவற்றை எடுக்க ஓர் இடுக்கி. விரலால் தொட்டால் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் ஒட்டிப் படியின் திணிவு மாறிவிடும் என்பதால், கை பட்ட படியை அவர் அன்று முழுவதும் பாவிக்க விடமாட்டார். ஒருமுறை நான் சூடு ஆறாத புடக்குகை ஒன்றைத் தட்டில் வைத்தேன். அது முன்னர் நிறுத்ததைவிடக் குறைந்த திணிவைக் காட்டியது. ஏதோ ஆவியாகிப் போய்விட்டது என்று நான் எழுதப் போனபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, அரை மணித்தியாலம் உலர்த்தியில் வைத்துவிட்டு மறுபடியும் நிறுக்கச் சொன்னார். குறைந்துபோன மில்லிகிராம்கள் திரும்பி வந்திருந்தன. சூடான பாத்திரத்தைச் சுற்றிக் காற்று மேலெழுந்து தட்டைத் தூக்கியிருக்கிறது. தராசு சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு அந்த அரை மணித்தியாலத்தில்தான் வந்தது.

பொருளில் உள்ள சடத்தின் அளவான திணிவுக்கும், அதை ஈர்ப்பு இழுக்கும் விசையான நிறைக்கும் உள்ள வேறுபாட்டையும் அந்தத் தராசின் முன்னால் வைத்துத்தான் சொல்லித் தந்தார். இதைச் சந்திரனுக்குக் கொண்டுபோனாலும் அதே விடைதான் வரும், ஏனென்றால் பொருளும் படியும் ஒரே விகிதத்தில் இலேசாகும். பௌதிகவியல் ஆய்வுகூடத்து விற்றராசை, அதாவது சுருள்வில் இழுபடும் அளவைக் கொண்டு நிறுக்கும் தராசை, கொண்டுபோனால் ஆறில் ஒரு பங்குதான் காட்டும் என்றார். சந்திரனுக்குப் போகும் எண்ணம் எங்களில் எவருக்கும் இல்லாததால் அதைப் பரீட்சைக்கான குறிப்பாக மட்டுமே எழுதிக்கொண்டோம். அந்தக் குறிப்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எனக்குத் தேவைப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நியமிப்புப் பரிசோதனையில், அளவி என்ற கோடிட்ட நீண்ட கண்ணாடிக் குழாயில் எடுத்த ஐதரோக்குளோரிக் அமிலத்தைக் கூம்புக்குடுவையிலுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலுக்குள் துளித்துளியாக விட்டு, பினோத்தலீனின் இளஞ்சிவப்பு மறையும் கணத்தில் நிறுத்தி, திரவ மட்டத்தின் வளைவான பிறையுருவின் அடிமட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி வாசிக்க வேண்டும். அளவியின் மிகச் சிறிய பிரிவு 0.1 கன சென்ரிமீற்றர். ஆகவே முதலாம் தசமதானத்தைக் கண்ணாடியிலுள்ள கோடு தரும். இரண்டாம் தசமதானத்தை வாசிப்பவனே மதிப்பிட வேண்டும். 24.6 என்று எழுதுவதும் 24.60 என்று எழுதுவதும் வேறு வேறு என்று சேர் பலமுறை சொல்லியிருந்தார். பின்னால் வரும் அந்தப் பூச்சியம், அவ்வளவு நுணுக்கமாக நான் பார்த்தேன் என்று வாசிப்பவன் கொடுக்கும் வாக்குமூலம்.

அன்று எனக்குக் கிடைத்த வாசிப்புகள் 24.60, 24.75, 24.55. அழகாக இருக்கட்டும் என்று மூன்று இடத்திலும் 24.60 என்று எழுதிக் கொப்பியைக் கொடுத்தேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூண்டும் ஒண்டு மாதிரியே வந்ததோ, தம்பி?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் ஏசவும் இல்லை. வகுப்பு முழுவதையும் உட்காரச் சொல்லிவிட்டு ரேலி பிரபுவின் கதையைத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் ரேலி பிரபு நைதரசனின் அடர்த்தியைத் துல்லியமாக அளக்க முனைந்தார். காற்றிலிருந்து ஒட்சிசன் முதலியவற்றை அகற்றி எஞ்சிய நைதரசனை ஒரு கண்ணாடிக் கோளத்தில் நிரப்பி நிறுத்தபோது ஏறத்தாழ 2.310 கிராம் வந்தது. இரசாயனச் சேர்வைகளிலிருந்து தயாரித்த நைதரசனை அதே கோளத்தில், அதே நிலைமைகளில் நிறுத்தபோது ஏறத்தாழ 2.299 கிராம்தான் வந்தது. வேறுபாடு 11 மில்லிகிராம். ஒரு தசமதானத்தோடு நிறுத்தியிருந்தால் இரண்டுமே 2.3 ஆகியிருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ இரண்டு எண்களையும் அப்படியே வெளியிட்டு, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டார். தம்முடைய வழுவாக இருக்குமோ என்று திரும்பத் திரும்ப நிறுத்தும் பார்த்தார். வேறுபாடு போகவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்த வில்லியம் ராம்சேயும் அவரும் சேர்ந்து 1894இல் அந்த 11 மில்லிகிராமுக்குள் ஒளிந்திருந்த புதிய மூலகத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஆகன். நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காக இருந்தும் அதுவரை எவரும் கண்டறியாத வாயு. 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது; ரேலிக்குப் பௌதிகவியலில், ராம்சேக்கு இரசாயனவியலில்.

கதை முடிந்ததும் என் கொப்பியைத் திருப்பித் தந்து, மூன்று வாசிப்புகளையும் பொய் எண்களுக்கு மேல் ஒற்றைக் கோடு போட்டுத் திருத்தி எழுதச் சொன்னார். கோடு ஒன்றுதான், வெட்டியது என்னவென்று பிறகும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அழிறப்பரும் பென்சிலும் அவருடைய ஆய்வுகூடத்தில் இல்லை. கனடாவில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தபோது, பதிவேட்டில் நான் கடைப்பிடிக்க வேண்டியிருந்த விதியும் இதேதான்: மையில் எழுது, ஒற்றைக் கோட்டால் வெட்டு, பக்கத்தில் கையொப்பமும் திகதியும் இடு. புதிதாக வந்த இளைஞர்களுக்கு அதைப் பழக்கப் பல மாதங்கள் பிடித்தன. எனக்கு அதை எவரும் பழக்க வேண்டியிருக்கவில்லை.

நான்கு போத்தல்களும் கனடாவில் இன்னொரு முறை என் நினைவுக்கு வந்தன. இலங்கையில் கறுப்பு யூலைக் கலவரத்தின் தொடக்கமான 1983 யூலை 23 என்ற திகதியை எங்களில் எவரும் மறக்கமாட்டோம். அதே திகதியில், உலகின் இந்தக் கோடியில், மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்ட போயிங் 767 விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இயந்திரங்களும் நின்றுபோக, மனிற்றோபாவின் கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானத்தளத்தில் மிதந்து இறங்கியது. நான் இந்த நாட்டுக்கு வந்து சில ஆண்டுகளின் பின்னரே அதைப் பற்றி வாசித்தேன். கனடா அப்போது மீற்றர் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்துக்குத் தேவையான எரிபொருள் 22,300 கிலோகிராம். தாங்கிகளில் இருந்தது 7,682 லீற்றர். லீற்றரைக் கிலோகிராமாக்க 0.803ஆல் பெருக்கியிருக்க வேண்டும். ஒரு லீற்றருக்கு இத்தனை இறாத்தல் என்பதைக் குறிக்கும் 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். உண்மையில் ஏறத்தாழ 6,170 கிலோவாக இருந்தது கணக்கில் 13,597 கிலோவானது. நிரப்ப வேண்டிய 20,000 லீற்றருக்கு மேற்பட்ட எரிபொருளுக்குப் பதிலாக 5,000 லீற்றருக்கும் குறைவாகவே நிரப்பப்பட்டது. பெருக்கலில் பிழையில்லை, எண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டிய அலகு நிற்கவில்லை. விமானியின் திறமையால் எல்லோரும் உயிர் தப்பினார்கள்.

விமான எரிபொருளும் மண்ணெண்ணெயின் இனந்தான். சேரின் மூன்றாவது போத்தலில் 750 கன சென்ரிமீற்றர் 600 கிராமாக இருந்தது. அதாவது லீற்றருக்கு 0.8 கிலோ. அந்த 0.8 எனக்குப் பதினேழு வயதிலேயே கைப்பழக்கமான எண். அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வகுப்பில் நாங்கள் கற்றபோது கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே செவ்ரில், கண்ணாடிக் கூண்டுகளுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஓர் உருளை. பிளாற்றினம் 90 வீதம், இரிடியம் 10 வீதம். உயரமும் விட்டமும் 39 மில்லிமீற்றர் அளவில். 1889 முதல் உலகத்துத் தராசுகளுக்கெல்லாம் அதுவே மூலப்படி. ஒரு நூற்றாண்டு கழித்து அதன் பிரதிகளோடு ஒப்பிட்டபோது ஏறத்தாழ 50 மைக்குரோகிராம் விலகல் தெரிந்தது. எது கூடியது, எது குறைந்தது என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் ஒப்பிடுவதற்கு அதைவிட மேலான படி இல்லை. 2019 மே 20இலிருந்து அந்த உருளைக்கு அந்த உரிமை இல்லை. பிளாங்கின் மாறிலி என்ற, இயற்கையின் அடிப்படை அளவொன்றை நிலையான எண்ணாக வைத்துக் கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. அந்த எண்ணை அளந்த கருவிகளில் ஒன்று, பிரையன் கிபிள் என்பவர் 1975இல் லண்டன் ரெடிங்ரனில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் சிந்தித்து உருவாக்கிய வகைத் தராசு. ஒரு தட்டில் படி, மறுபக்கம் இன்னொரு படிக்குப் பதிலாக மின்காந்த விசை. அங்கே கட்டப்பட்ட தராசொன்று 2009இல் ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சிப் பேரவைக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கேதான் மிக நுண்ணிய அளவீட்டைத் தந்தது. லண்டனிலிருந்து கனடாவுக்கு இடம்பெயர்ந்த உறவினர்கள் எங்கள் எல்லோருக்கும் உண்டு. ஒரு தராசும் அப்படி வந்தது என்று அறிந்தபோது, அதைச் சேருக்குச் சொல்ல முடியவில்லையே என்று வருந்தினேன். அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இப்போது நான் சொல்ல ஒத்திவைத்த விடயத்துக்கு வருகிறேன். எமது பழைய மாணவர் சங்கம் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு மின்னணுத் தராசு ஒன்றை இங்கே வாங்கி அனுப்பத் தீர்மானித்திருக்கிறது. மின்னணுத் தராசு தட்டை அழுத்தும் விசையை அளந்து அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த வகையில் அது பழைய விற்றராசின் பிள்ளை. புவியீர்ப்பின் வலிமையைக் காட்டும் புவியீர்ப்பு ஆர்முடுகல் ரொறன்ரோவில் ஏறத்தாழ 9.804 மீ/செ², யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 9.782 மீ/செ². இங்கே சரிபார்த்த தராசை அங்கே மறுபடி சரிபார்க்காமல் பாவித்தால், 100 கிராம் படி ஏறத்தாழ 99.78 கிராம் என்றே காட்டும். நான்கு தசமதானங்கள் பளிச்சென்று ஒளிரும். முதலாம் தசமதானமே பிழையாக இருக்கும். சந்திரன் வரை போகத் தேவையில்லை, யாழ்ப்பாணம் வரை போனாலே போதும்.

ஆகவே தராசோடு, சான்றிதழுடன் கூடிய நியமப் படிகள் ஒரு பெட்டியும், அவற்றைத் தொட ஓர் இடுக்கியும் கட்டாயம் போக வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றின் செலவை நான் ஏற்கிறேன். தராசு பொருத்தப்படும் நாளில் அங்கே இருக்கவும் விரும்புகிறேன். முதல் வாசிப்பை ஒரு மாணவரோ மாணவியோ எடுக்கட்டும். நான் பக்கத்தில் நின்று கொப்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.