கவாய் டைரி: முந்நூறு பங்காளி

2024 பிப்ரவரி 17, சனி

பசங்களுக்கு ஒரு வாரம் லீவு, அம்மாவும் ஊர்ல இருந்து வந்திருக்காங்க, சரின்னு ஹவாய் கிளம்பிட்டோம். கவாய் தீவு. ஏர்போர்ட்ட விட்டு வெளிய வந்தா கார் பார்க்கிங் பூரா கோழி. சேவல் பாட்டுக்கு நடந்து போகுது, எவனும் கண்டுக்கல. "யார் வீட்டுக் கோழிடி இது"ன்னு அம்மா கேட்டாங்க. யார் வீட்டுதும் இல்லம்மா, இங்க இப்படித்தான்னேன். அம்மாவுக்கு அது ஒப்பல. கோழின்னா ஒரு வீடு இருக்கணும்ங்கிறாங்க.

ரூமுக்கு வந்து போன ஆன் பண்ணா பெரியப்பா பையன் அண்ணன்கிட்ட இருந்து ஏழு நிமிஷ வாய்ஸ் நோட். அறந்தாங்கி பக்கம் தாத்தா பேர்ல கிடக்குற ஒண்ணே முக்கால் ஏக்கர். கூட்டுப் பட்டா, பதினாலு பேர் கையெழுத்து வேணும், பார்ட்டி ரெடியா இருக்கு, நீ பவர் மட்டும் எழுதி அனுப்பிரும்மான்னு. அந்த இடத்த நான் கடைசியா பார்த்தது எட்டாவது படிக்கறப்ப. ஒரு கிணறும் ரெண்டு பனையும் ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான். பதில் போடல.

பிப்ரவரி 18, ஞாயிறு

தீவோட வடக்குப் பக்கம் போனோம், கிலாவியா ஊரத் தாண்டி. ஃபேஸ்புக் மார்க் ஸக்கர்பெர்க் இடம் இங்கதான்னு என் வீட்டுக்காரருக்கு ஒரே ஆர்வம். 2014ல சுமார் 700 ஏக்கர், 100 மில்லியன் டாலர்னு அப்ப நியூஸ்ல வந்துச்சு, 2021ல பக்கத்துலயே இன்னொரு 600 ஏக்கர் கிட்ட 53 மில்லியனுக்கு. ரோட்டோரம் ஆறடிச் சுவர். 2016ல இத எழுப்புனப்போ ஊர்க்காரங்களுக்கு பயங்கரக் கோவம், கடல் தெரியல காத்து வரலன்னு. ஹவாய்ல பீச் எல்லாமே பொது, அலை ஏறி நனைக்கிற இடம் வரைக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா அங்க போய்ச் சேர்றதுக்கு வழி வேணுமே, சிக்கலே அதுலதான். நாங்க ஒரு செம்மண் பாதைல இறங்கிப் போனோம், அம்மா பாதிலயே ஒரு கல்லுல உக்காந்துட்டாங்க.

திரும்பி வரப்ப கேட்டாங்க, "அவ்வளவு பணம் குடுத்தவன் சுவர் கட்டத்தான செய்வான், இதுல என்னடி தப்பு?" நியாயமான கேள்விதான். சுவருக்கு உள்ளயே வேற ஆளுங்க நிலம் துண்டு துண்டா இருந்துச்சும்மான்னு சொன்னதும் டக்குனு நிமிர்ந்து உக்காந்தாங்க. ஊர்ல நெலத்த வச்சு பங்காளிச் சண்டை பார்த்து வளந்தவங்க, இந்த மாதிரி விஷயம் சட்டுனு பிடிச்சிரும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஹனலே பள்ளத்தாக்கு. மேல இருந்து பார்த்தா அப்படியே நம்ம நெல்லு வயல், தண்ணி நிக்குது, வரப்பு ஓடுது. கிட்ட போனா சேம்பு. நம்ம சேப்பங்கிழங்கு ஜாதிதான், இவங்க கலோன்னு சொல்றாங்க, அவிச்சு இடிச்சு 'போய்'ங்கிற பேர்ல கூழ் மாதிரி ஒண்ணு பண்றாங்க. நான் ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன், பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, அம்மாதான் புளி ஊத்தி வறுத்திருக்கலாம்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க.

ஆனா இவங்க கதைல இந்தக் கிழங்குதான் மூத்த அண்ணன். வானத்துக்குப் பொறந்த மொதப் புள்ள செத்துப் பொறந்து, அத பொதைச்ச எடத்துல கலோ முளைச்சுது, அடுத்துப் பொறந்த தம்பிதான் மனுஷன். அப்போ நிலத்த வித்துட்டேன்னா யார வித்தேன்னு அர்த்தம்? இவங்க மொழில நிலத்துக்கு ஆயினான்னு பேரு, சோறு போடுறதுன்னு அர்த்தமாம்.

1848 வரைக்கும் நிலத்துக்கு தனி ஓனர்னே கிடையாது. அந்த வருஷம் மூணாம் கமேஹமேஹா ராஜா நிலத்த தனக்கும் தலைவர்களுக்கும் அரசாங்கத்துக்கும்னு பிரிச்சாரு, மஹேலேன்னு பேரு, பிரிப்புன்னு அர்த்தம். உழுதவங்களுக்கு 1850ல ஒரு சட்டம் வந்துச்சு, நீ உண்மையா பயிர் வைக்கிற துண்டும் வீட்டுக்கு கால் ஏக்கரும் கேட்டு வாங்கிக்கன்னு. அதுக்கு மனு குடுக்கணும், அளக்கணும், சாட்சி கூட்டிட்டு வரணும். எழுதின காகிதம்தான் நிலம்ங்கிறது எவனுக்கும் புரியல, மொத்தத்துல எட்டாயிரம் சொச்சம் பேருக்குத்தான் கிடைச்சுது, தீவு எல்லாம் சேர்த்து நூத்துல ஒரு பங்கு நிலம்கூட வராது. அதே 1850லயே வெளிநாட்டுக்காரனும் நிலம் வாங்கலாம்னு இன்னொரு சட்டம். ரெண்டும் ஒரே வருஷத்துல எப்படி வந்துச்சுன்னு நம்ம ஊர் ஆளுக்கு சொல்லவே வேணாம்.

அந்தத் துண்டுக்குத்தான் குலியானான்னு பேரு. உரிமைன்னும் அர்த்தம், பொறுப்புன்னும் அர்த்தம், ரெண்டும் ஒரே வார்த்தை. இத எழுதுறப்ப அந்த வாய்ஸ் நோட் ஞாபகம் வந்து தொலையுது.

பிப்ரவரி 21, புதன்

விடாம மழை. பசங்க ஐபேட், நான் போன்ல பழைய நியூஸ்.

2016 டிசம்பர் 30, ஸக்கர்பெர்க் தரப்பு மூணு கம்பெனி பேர்ல எட்டு கேஸ் போடுது. அவர் சுவருக்கு உள்ள கிடந்த ரொம்ப சின்ன இடங்கள், எல்லாம் சேர்த்தே எட்டு ஏக்கர் சொச்சம்தான், ஆனா எதிர்தரப்புல நூத்துக்கணக்கான பேர், பல பேர் செத்தே போயிட்டாங்க. இந்தக் கேஸுக்கு க்வயட் டைட்டில்னு பேரு. நம்ம பாஷைல வில்லங்கத்த ஒரேடியா கழுவி விடுறது. பாத்தியதை இருக்கவன்லாம் வந்து சொல்லுங்கன்னு நோட்டீஸ் போகும், பேப்பர்லயும் விளம்பரம் வரும், வராதவன் பங்கு போச்சு. வந்தவங்க பங்க பிரிக்க முடியலன்னா கோர்ட் ஏலம் விட்டு காசா பிரிச்சுக் குடுக்கும், ஏலத்துல யார் ஜெயிப்பான்னு தனியா சொல்லணுமா.

பங்கு எப்படி இப்படி நொறுங்குச்சுன்னா உயில் எழுதுற பழக்கம் இல்ல, அஞ்சாறு தலைமுறை, இன்ஷியல் குடும்பப் பேர்லாம் அப்ப கிடையாது, ஒத்தப் பேருதான். 1860ல சட்டம் போட்டுத்தான் குடும்பப் பேர் வைக்க வச்சாங்க. அப்பா ஒரு பேரு புள்ள ஒரு பேருன்னா ரெக்கார்ட்ல எப்படித் தேடுவ? (பாஸ்போர்ட் ஆபீஸ்ல எங்கப்பா பேர என் சர்நேம்னு விளக்கி விளக்கி செத்தவ சொல்றேன்.)

இதுல ஒரு துண்டு, சுமார் ரெண்டு ஏக்கர், கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒரு போர்ச்சுகீசியர் 1894ல வாங்குனது. இன்னிக்கு அவருக்கு முந்நூறு கிட்ட வாரிசு. அதுல ஒரு கொள்ளுப்பேரன் ரிட்டயர்ட் ஆன ஹவாய் படிப்பு பேராசிரியர், அந்த இடத்துலயே வருஷக்கணக்கா குடியிருந்து வரி கட்டினவர், கேஸ்ல அவர் மார்க்கோட பக்கம். நாள் ஆக ஆக பங்கு இன்னும் சுருங்கும், கடைசில நிலம் யாருக்கும் இல்லாம போயிரும்ங்கிறது அவர் வாதம். இத படிச்சதும் எனக்கு யார் மேல கோவப்படறதுன்னே தெரியல. சேம்பு நட்டு வரி கட்டுனது அவருதான், மத்த பங்காளி பாதிப்பேருக்கு இப்படி ஒரு இடம் இருக்கதே நோட்டீஸ் வந்துதான் தெரிஞ்சிருக்கும்.

அதான் எனக்கு உறுத்துது. நூத்தியிருபது வருஷமா எவனும் தேடாத கொள்ளுப்பேத்திய ஒருத்தன் காசு குடுத்து தேடிக் கண்டுபிடிக்கிறான், எதுக்கு, நீ இல்லன்னு கையெழுத்து வாங்க.

2017 ஜனவரில நியூஸ் வெளிய வந்து ஊரே கொதிச்சுது. அந்த மாசம் 27ஆம் தேதியே அவரும் அவர் மனைவியும் கவாய் பேப்பர்ல கடிதம் எழுதி, இந்த வழிமுறையையும் அதோட வரலாறையும் புரிஞ்சுக்காம பண்ணிட்டோம், தப்புதான், கேஸ வாபஸ் வாங்குறோம்னாங்க. பேராசிரியர் மட்டும் அவர் கேஸ தனியா நடத்துனாரு. 2019 மார்ச்ல இங்க லிஹுவே ஊர் கோர்ட் வாசல்ல ஏலம், எதிர்த்து நின்ன சொந்தக்காரங்களால தாக்குப்பிடிக்க முடியல, கடைசில அவருக்கே போச்சு.

பிப்ரவரி 22, வியாழன்

மேற்குப் பக்கம், வைமேயா. கடலுக்கு அந்தாண்ட நீஹாவ் தீவு மங்கலா தெரிஞ்சுது. 1864ல ராஜாகிட்ட இருந்து பத்தாயிரம் டாலர் தங்கத்துக்கு ஒரு குடும்பம் மொத்தத் தீவையும் வாங்குச்சு, இன்னிக்கும் அவங்கதுதான், அழைப்பு இல்லாம கால் வைக்க முடியாது. லனாய் தீவுல 98 சதவீதம் 2012ல இருந்து ஆரக்கிள் கம்பெனி லாரி எல்லிசன்கிட்ட, ஒரு காலத்துல அன்னாசிக் கம்பெனிகிட்ட இருந்தது. வீட்டுக்காரருக்கு ஷாக், எனக்கு பசி. ஷேவ் ஐஸ் சூப்பர்.

பிப்ரவரி 23, வெள்ளி

இறைவன் கோயில். பேரே அதுதான், இந்தத் தீவுல ஒரு மடத்துக்குள்ள இருக்க சிவன் கோயில். அம்மா வந்ததே இதுக்குத்தான். பெங்களூர் பக்கம் கையாலயே செதுக்கி கப்பல்ல வந்த கருங்கல்லு, நம்ம சிற்பிகள் வந்து பூட்டுனது, போன வருஷம்தான் கும்பாபிஷேகம். உள்ள ஸ்படிக லிங்கம். தென்னையும் அருவிச் சத்தமும் நடுவுல அந்த விமானத்தப் பார்த்ததும் அம்மா அழுதுட்டாங்க, எனக்கும் தொண்டை அடைச்சுது.

இந்த மடம் 1970ல வந்தது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள்கிட்ட தீட்சை வாங்கின ஒரு அமெரிக்கர் ஆரம்பிச்சது. ஆனா இது இருக்க வைலுவா ஆத்தோரம் பூரா ஹவாய் தலைவர்கள் இருந்த இடம், அவங்க கோயில் மேடைங்க கல்லு கல்லா கீழ இன்னும் கிடக்கு. வரப்ப ஒண்ணுல நிறுத்தினோம். ஏறாதீங்கன்னு போர்டு. நம்ம கோயிலுக்கு மட்டும் நான் கணக்கு கேக்காம விட்டுட்டேனோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, அம்மாகிட்ட சொல்லல. அவங்க அந்தக் கல்லுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு கார்ல ஏறிட்டாங்க.

ராத்திரி அண்ணனுக்கு ஃபோன் பண்ணேன். பவர் அனுப்பிட்டியான்னாரு. வாங்குறது யாருண்ணேன்னு கேட்டேன். ஏதோ மெட்ராஸ் கம்பெனியாம், பேர் தெரியல, சுத்திலயும் எல்லாத்தையும் வாங்கிட்டாங்களாம், நம்மது மட்டும்தான் நடுவுல நிக்குதாம். பதினாலு பேர்ல யாராச்சும் அங்க வெள்ளாமை பண்றாங்களாண்ணேன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "சித்தப்பா மட்டும் கடலை போடுறாரு, அவர்தான் இன்னும் கையெழுத்து போடல"ன்னாரு.

சித்தப்பா நம்பர் என்கிட்ட இல்ல. அம்மாவோட பழைய டைரில இருக்காம், அது ஊர்ல பீரோவுல.