தோணாவுக்கு வழி கேட்டு மூன்று வருசம்

எங்கள் ஊர் எழுவான்கரையில். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. நடு மணல் மேட்டில் வீடுகள். வாவிப் பக்கமாக வட்டை என்கிற தாழ்வான வயல்வெளியும், மாரித் தண்ணீரை இறக்கிவிடும் தோணா என்கிற ஓடையும் இருக்கின்றன. 2011 சனவரி வெள்ளத்தில் ஊரே பள்ளிக்கூடத்தில் கிடந்தது. ஆனாலும் மழை விட்டதும் தண்ணீர் மளமளவென வடிந்தது. சில வருசம் கழித்து, அதில் பாதி மழைக்கே இரண்டு கிழமை முற்றத்தில் தண்ணீர் நின்றது. போய்ப் பார்த்தால் தோணாக் கரை இரண்டிலும் கிறவல் மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள்.

அப்போது நான் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர். நாங்கள் எழுதிய கடிதங்கள் ஒரு அலுவலகத்திலிருந்து அடுத்ததுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டே இருந்தன. காரணம் பிறகுதான் விளங்கியது. வீடு கட்ட அனுமதி தருவது பிரதேச சபை. அரச காணி பிரதேச செயலகத்தின் பொறுப்பு. வயலை நிரப்புவதென்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். எங்கள் தோணா இந்த மூன்றையும் ஊடறுத்து ஓடுகிறது. முழுத் தோணாவையும் காட்டும் கோப்பு ஒன்றுகூட எங்கும் இல்லை.

காணிப் பயன்பாட்டுத் திட்டமிடலில் வேலை செய்யும் ஒரு தங்கச்சிதான் வழி சொன்னா: “மனுவா எழுதாதீங்க அக்கா. படமாக் கீறிக் கொண்டு வாங்க.”

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தோணாக் கரையில் கொடுக்கப்பட்ட கட்டட அனுமதிகளைக் கேட்டோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். இதைச் செய்யப் போகிறவர்கள் விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்கி வைத்திருங்கள். எங்களுக்கு முதல் தடவை பதில் வரவில்லை. மேன்முறையீட்டுக்கு அந்தத் துண்டுதான் கைகொடுத்தது.

படம் கீறிய நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. வயல் காரியங்களைப் பார்க்கும் வட்டவிதானை முன்னே நடந்தார். வாவியில் வலை போடும் பெரியவர்கள், தோணா பழைய நாளில் எவ்வளவு அகலம் என்று கால் வைத்துக் காட்டினார்கள். வீட்டுச் சுவர்களில் இருந்த தண்ணீர்க் கறையைப் பிள்ளைகள் நாடா பிடித்து அளந்தார்கள். எல்லாம் ஒரே தாளில் ஏறியபோது, எந்தெந்த வளவு எதனால் மூழ்குகிறது என்று ஊருக்கே தெரிந்தது.

அதே தாளில் என் மாமாவின் துண்டும் இருந்தது. தோணா ஓரம், 15 பேர்ச். இளைய மகளுக்கு வீடு கட்ட என்று வைத்திருந்த இடம்.

“மனே, நீ கீறுற கோட்டால என்ட புள்ளைக்கு வீடில்லாமப் போகப்போகுது” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். தலைமுறைக்குத் தலைமுறை வளவு பிரிகிறது. மேட்டில் இடம் முடிந்ததும் சனம் பள்ளத்துக்கு இறங்குகிறது. கரையை நிரப்பியவர்களில் பாதிப்பேர் மாமாவைப் போன்ற தகப்பன்மார்தான். அவர்களைக் குற்றவாளிகளாக்கும் ஒரு திட்டம் எங்கள் ஊரில் நிற்காது என்று அன்று உறுதியாக நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அதனால் படத்தில் இரண்டாவது நிறம் சேர்த்தோம்: மேட்டில் சும்மா கிடக்கும் அரச காணித் துண்டுகளும், மேல்மாடி எடுக்கக்கூடிய வீடுகளும். மூன்று அலுவலகங்களும் ஒரே மேசையில் இருந்த கூட்டத்துக்கு இரண்டு நிறத்தோடும் போனோம். “தோணாவை விடுங்கள்” என்பதோடு “வீட்டை இங்கே விடுங்கள்” என்றும் கேட்க முடிந்தது. அதன் பிறகே பேச்சு நகர்ந்தது. தோணா ஒதுக்கத்தில் புதிய அனுமதி கொடுப்பதில்லை என்று சபையில் தீர்மானம் வந்தது. எங்கள் படத்தின் பிரதி இப்போது தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கோப்பில் இருக்கிறது.

மாமா மூத்த மகளின் வீட்டுக்கு மேலே கொங்கிரீட் பிளேட் போட்டு இளையவளுக்கு அறைகள் எடுக்கிறார். படி இன்னும் பூசவில்லை. ஏற்கனவே நிரப்பிய இடத்தில் மதகு போடக் கேட்டிருக்கிறோம். மதிப்பீடு எடுத்துவிட்டார்கள், காசு ஒதுக்கவில்லை. வருகிற மாரிக்கும் அந்த இடத்தை ஒட்டிய மூன்று வளவிலும் தண்ணீர் நிற்கும்.