சம்பளக் கோப்புறையைப் பூட்டிய அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் பதினெட்டுப் பேர். உபுண்டு என்ற லினக்ஸ் சர்வரில் சாம்பா (விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் மென்பொருள்), அதில் ஒரே ஷேர் (பகிர்ந்த கோப்புறை), யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து, "அண்ணா, சம்பளப் பட்டியல் எனக்கும் திறக்குதே, பரவாயில்லையா?" என்று கேட்டான். எனக்குப் பகீர் என்றது. ஒருவருடைய சம்பளம் அவருடைய சொந்த விஷயம்.

கணக்குப் பிரிவுக்கு லினக்ஸில் ஒரு குழு தொடங்கி, தனி ஷேர் போட்டேன். சாம்பா அமைப்புக் கோப்பில், யாரெல்லாம் நுழையலாம் என்று சொல்லும் 'வேலிட் யூசர்ஸ்' வரியில் குழுவின் பெயரை @ குறியோடு எழுதினேன். லினக்ஸில் பயனர் கணக்கு இருந்தால் மட்டும் போதாது. சாம்பாவுக்கென்று தனிக் கடவுச்சொல் வேண்டும். அதையும் வைத்தேன். அமைப்புக் கோப்பைச் சோதிக்கும் டெஸ்ட்பார்ம் கட்டளை பிழை எதுவும் சொல்லவில்லை.

ஆனால் கணக்கர் அக்காவுக்கே திறக்கவில்லை. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் அனுமதி இல்லை என்றே வந்தது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். அக்காவின் கணினி 'நோபடி' என்ற விருந்தினர் பெயரில் உள்ளே இருந்தது! அவருடைய விண்டோஸ் பயனர் பெயர் சாம்பாவுக்குத் தெரியாது. 'மேப் டு கெஸ்ட்' என்ற வரியில் 'பேட் யூசர்' என்று இருந்ததால், தெரியாத பெயரையெல்லாம் சாம்பா சத்தமில்லாமல் விருந்தினராக உள்ளே விட்டுவிடுகிறது. ஒரு பெயரில் இணைந்திருக்கும்போதே அதே சர்வருக்கு இன்னொரு பெயரில் இணைய விண்டோஸ் விடுவதில்லை. எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அந்த வரியை 'நெவர்' என்று மாற்றினேன். அப்புறம் அக்காவின் கணினியில் விண்டோஸின் 'நெட் யூஸ்' கட்டளையால் பழைய இணைப்பை நீக்கியதும் அக்காவுக்குத் திறந்தது.

திறந்தது, சேமிக்கத்தான் முடியவில்லை. சாம்பா விட்டாலும் லினக்ஸின் கோப்பு அனுமதியும் விடவேண்டும். பழைய ஷேரிலிருந்து நகர்த்திய கோப்புகள் இன்னும் நோபடியின் பெயரில்தான் இருந்தன. குழுவை மாற்றி, கோப்புறைக்கு 2770 என்ற அனுமதி எண்ணைக் கொடுத்தேன் (உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி, மற்றவர்களுக்கு இல்லை). முதலில் வரும் அந்த 2 இருந்தால்தான் புதிய கோப்புகளும் அதே குழுவில் சேரும். புதிய கோப்புகளின் அனுமதிக்கு வரம்பு வைக்கும் 'கிரியேட் மாஸ்க்' சாம்பாவில் இயல்பாக 0744. அப்படியே விட்டால் ஒருவர் உருவாக்கியதைக் குழுவில் மற்றவர் படிக்கலாம், திருத்த முடியாது. குழுவில் எல்லோரும் திருத்தும்படி 0660 ஆக்கினேன்.

பழைய ஷேரைத் துழாவியபோது சம்பளப் பட்டியலின் மூன்று நகல்கள் வேறு வேறு கோப்புறைகளில் கிடந்தன. அவற்றை அழித்துவிட்டு, அந்தத் தம்பியையே அழைத்து அவன் கணக்கில் திறந்து பார்க்கச் சொன்னேன். திறக்கவில்லை.